64 குறை எழுதினோம்... கம்ப்யூட்டரில் ஏறியது எத்தனை?

புது ஃபிளாட் வாங்குகிறவர்கள் இப்போது ‘ஸ்னாக் லிஸ்ட்’ என்ற வார்த்தையைச் சரளமாகச் சொல்கிறார்கள். சாவி வாங்குவதற்கு முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்து, எங்கே என்ன குறை என்று எழுதிக் கொடுக்கும் பட்டியல் அது. டைல்ஸைத் தட்டினால் உள்ளே காலியாகச் சத்தம் கேட்கிறது, பால்கனியில் ஊற்றிய தண்ணீர் வாட்டம் இல்லாமல் மூலையில் தேங்குகிறது, பெட்ரூம் சுவிட்சைப் போட்டால் ஹாலில் லைட் எரிகிறது... இப்படி. விவரமானவர்கள் கையில் ஒரு மொபைல் சார்ஜர், ஒரு வாளி, ஒரு ரூபாய் நாணயம் எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நல்ல பழக்கம்.

நாம் சொல்லச் சொல்ல, சைட் இன்ஜினீயர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். அல்லது டேப்லெட்டில் தட்டிக்கொள்கிறார். “எல்லாத்தையும் சிஸ்டத்துல ஏத்திடுவோம் மேடம்” என்கிறார். நாமும் நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறோம். இந்த வாரம் பார்க்கப்போவது அந்த ‘ஏத்திடுவோம்’ என்ற ஒரு வார்த்தையைத்தான். அது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் நம் குறை காணாமல் போகிறது என்று தெரிந்துவிட்டால், என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

19,200 குறைகளை யார் டைப் செய்வது?

ஒரு கணக்குப் போடுவோம். 240 ஃபிளாட் உள்ள ஒரு குடியிருப்பு. ஒரு ஃபிளாட்டுக்கு 80 குறை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 19,200. ஒரு குறையைக் கம்ப்யூட்டரில் பதிய ஒரு நிமிடம் என்றாலும் 320 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் ஓர் ஆள் வேறு எந்த வேலையும் பார்க்காமல் உட்கார்ந்தால் 40 நாள்! எந்த சைட்டில் அப்படி ஓர் ஆள் சும்மா இருப்பார்?

பெரிய கட்டுமான நிறுவனங்கள் இதற்கென்றே மென்பொருள் வைத்திருக்கின்றன. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ‘பில்ட்’, அமெரிக்காவின் ‘புரோகோர்’ போன்றவை உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. ஆட்டோடெஸ்க்கில் ஒரு குறைக்கு ‘இஷ்யூ’ என்று பெயர். புரோகோரில் ‘பஞ்ச் லிஸ்ட்’ என்றே ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு இஷ்யூவுக்கும் ஒரு தலைப்பு, எந்த வகை, எந்த இடம், யார் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், போட்டோ, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். நிலை என்றால், திறந்திருக்கிறது, வேலை நடக்கிறது, முடிந்தது, பரிசோதனையில் இருக்கிறது, மூடப்பட்டது - இந்த மாதிரி.

கையால் டைப் செய்ய ஆள் இல்லாதபோது, எல்லாவற்றையும் ஓர் எக்ஸெல் ஃபைலில் போட்டு மொத்தமாக உள்ளே அனுப்புகிறார்கள். அதற்கான வாசல்தான் ஏபிஐ.

என் அண்ணன் மகன் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இந்த வேலைதான் பார்க்கிறான். அவனிடம் கேட்டேன். “அத்தை, பேங்க்ல பணம் கட்டுற சலான் தெரியும்ல? அதுல அக்கவுன்ட் நம்பர், தொகை, பேருன்னு எது எது எந்தக் கட்டத்துல எழுதணும்னு இருக்கு. சரியா எழுதிக் கொடுத்தா முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பாங்க. தப்பா இருந்தா சலானையே திருப்பித் தள்ளிடுவாங்க. மனுஷங்களுக்குப் பதிலா ஒரு புரோகிராம் போய் அந்த கவுன்ட்டர்ல நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. அதான் ஏபிஐ” என்றான்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ‘மொத்தமாக ஏற்றுகிறோம்’ என்று பேச்சுக்குச் சொன்னாலும், பல சமயங்களில் அந்த கவுன்ட்டரில் ஒரு தடவைக்கு ஒரு சலான்தான் வாங்குவார்கள். புரோகிராம் எக்ஸெல்லின் முதல் வரியைப் படித்து ஓர் இஷ்யூவை உருவாக்கும். பதில் வரும். பிறகு இரண்டாவது வரி. இப்படி 19,200 தடவை. வரிக்கு ஒரு விநாடி என்றாலும் 5 மணி 20 நிமிடம் ஆகும். அந்த 5 மணி 20 நிமிடத்தில்தான் எல்லா வேடிக்கையும் நடக்கிறது.

எக்ஸெல் செய்கிற சில்மிஷங்கள்

கவுன்ட்டருக்குப் போவதற்கு முன்பே, வீட்டிலிருந்து கிளம்பும்போதே சலான் கெட்டுப்போவது உண்டு. ஃபிளாட் எண் ‘3-12’ என்று டைப் செய்து பாருங்கள். எக்ஸெல் அதைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். ‘0304’ என்று அடித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். ‘மாஸ்டர் பாத்ரூம்’ என்று ஒருவர், ‘எம்.பாத்’ என்று இன்னொருவர், ‘பெட்ரூம்-1 டாய்லெட்’ என்று மூன்றாமவர் எழுதியிருப்பார்கள். மூன்றும் ஒரே அறை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

தமிழில் எழுதினால் இன்னொரு ஆபத்து. சைட்டில் மேஸ்திரியும் சூப்பர்வைசரும் ‘ஜன்னல் ஓரம் பூச்சு உதிருது’ என்று தமிழிலேயே அழகாகக் குறித்து வைத்திருப்பார்கள். அந்த ஃபைலை எக்ஸெல்லில் சாதாரண ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால், தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று இன்னொரு தேர்வு இருக்கும். அதைத்தான் எடுக்க வேண்டும். இது தெரியாமல், ஒரு வரி முழுக்கக் கேள்விக்குறியாக இருக்கும் இஷ்யூவைப் பார்த்து பெயின்டர் என்ன செய்வார்? ‘இது ஏதோ சிஸ்டம் மிஸ்டேக்’ என்று மூடிவிட்டுப் போவார். வீட்டுக் கணக்கு, கல்யாண அழைப்பிதழ் முகவரிப் பட்டியல் என்று எதற்காகவாவது எக்ஸெல்லில் தமிழ் பயன்படுத்துகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்ட்டரில் கிடைக்கும் பதில்கள்

ஏபிஐ தரும் பதில்கள் மூன்று இலக்க எண்களாக இருக்கும். இணையம் முழுக்க இவை பொதுவானவை. 201 என்றால் இஷ்யூ உருவாகிவிட்டது. 400 என்றால் நீங்கள் அனுப்பியதில் ஏதோ பிழை, வாங்க முடியாது. 401 என்றால் உன் அனுமதிச் சீட்டு செல்லாது. 429 என்றால் இவ்வளவு வேகமாக அனுப்பாதே, கொஞ்சம் நின்று வா.

அனுமதிச் சீட்டு கதை சுவாரஸ்யமானது. ஆட்டோடெஸ்க்கில் அந்தச் சீட்டு சுமார் ஒரு மணி நேரம்தான் செல்லும். நம் கணக்கில் விநாடிக்கு ஒன்று என்று போனால், ஒரு மணி நேரத்தில் 3,600 குறைகள் ஏறியிருக்கும். அதன் பிறகு சீட்டைப் புதுப்பிக்கத் தெரியாத புரோகிராம் என்றால், மீதி 15,600 வரிகளுக்கும் 401 என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ராத்திரி ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போன இன்ஜினீயர், காலையில் வந்து ‘புரோகிராம் முடிந்தது’ என்ற ஒரு வரியை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நெட் நடுவில் தொங்கிவிட்டால் வேறு பிரச்னை. அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டது. ‘சேர்ந்தது’ என்ற பதில்தான் திரும்பி வரவில்லை. புரோகிராம் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். ஒரே விரிசலுக்கு இரண்டு இஷ்யூ உருவாகிவிடும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துபோகும் அனுபவம் உள்ளவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இரட்டைப் பதிவு தொல்லைதான் என்றாலும், அதனால் வீட்டுக்கு நஷ்டம் இல்லை. வந்து பார்த்தவர் ஒன்றை மூடிவிடுவார். 400 என்ற பதில்தான் எனக்குப் பயம்.

ஒரே ஒரு இடைவெளி

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, தாம்பரம் பக்கம் ஃபிளாட் வாங்கினாள். 64 குறைகள் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, நிறுவனத்தின் ஆப்பில் எல்லாம் பச்சை நிறத்தில் ‘மூடப்பட்டது’ என்று காட்டியது. சாவி வாங்கி, பால் காய்ச்சி, குடியும் போய்விட்டார்கள். எட்டு மாதம் கழித்து, கீழ் ஃபிளாட்காரர் மேலே வந்து, “எங்க பாத்ரூம் சீலிங்ல தண்ணி சொட்டுதுங்க” என்றார்.

நிறுவனத்துக்கு போன் செய்தால், “உங்க ஃபிளாட்ல ஒரு இஷ்யூகூட ஓப்பன்ல இல்லையே மேடம். லீக்கேஜ்னு எதுவும் ரெக்கார்டே ஆகலையே” என்று பதில். அவர்கள் பொய் சொல்லவில்லை. சிஸ்டத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால், அக்காவின் பட்டியலில் 41-வது குறையே ‘பாத்ரூம் சுவர் ஓரம் ஓதம், தண்ணீர் கட்டி வைத்துப் பார்க்கவும்’ என்பதுதான்!

அந்த நிறுவனத்திலேயே பொறுப்பான ஓர் இளம் இன்ஜினீயர் பழைய ஃபைல்களைத் தோண்டிப் பார்த்தார். 64 குறைகளில் ஏறியது 55. ஒன்பது வரிகளுக்கு 400 என்று பதில் வந்திருக்கிறது. காரணம், ‘வகை’ என்ற கட்டம். இந்த மென்பொருள்களில் குறையின் வகையை நாம் இஷ்டத்துக்கு எழுத முடியாது. அந்த புராஜெக்ட்டுக்கென்று முன்பே ஒரு பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வகைக்கும் உள்ளே நீளமாக ஓர் அடையாள எண் இருக்கும். எக்ஸெல்லில் இருக்கும் பெயரை வைத்து புரோகிராம் அந்த எண்ணைத் தேடி எடுக்க வேண்டும். பட்டியலில் ‘வாட்டர்புரூஃபிங்’ என்று சேர்த்து எழுதியிருந்தது. சூப்பர்வைசர் எக்ஸெல்லில் ‘வாட்டர் புரூஃபிங்’ என்று நடுவில் ஓர் இடைவெளி விட்டிருந்தார். எண் கிடைக்கவில்லை, வகை இல்லாமலே அனுப்பப்பட்ட வரி திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

இங்கேதான் முக்கியமான விஷயம். ஒன்பது குறைகள் தற்செயலாக அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுபடவில்லை. தண்ணீர் சம்பந்தப்பட்ட குறைகள் மொத்தமாக விடுபட்டிருக்கின்றன. அந்தத் தவணையில் ஏற்றிய மற்ற ஃபிளாட்களையும் பார்த்தால் அங்கும் இதே கதை. பெயின்ட் திட்டு, கதவுக் கைப்பிடி, சுவிட்ச் போர்டு எல்லாம் ஒழுங்காக ஏறியிருக்கின்றன. ஓதமும் கசிவும் மட்டும் ஒருவர் வீட்டிலும் ஏறவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட வரிகளை புரோகிராம் ஒரு தனி ஃபைலில் எழுதித்தான் வைத்திருந்தது. அந்த ஃபைலை யாரும் திறக்கவில்லை.

அக்காவைக் காப்பாற்றியது அத்தானின் பழக்கம். பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இன்ஜினீயர் எழுதிக்கொண்டது போதாது என்று, அன்று இரவே 64 குறைகளையும் வரிசை எண் போட்டு, போட்டோவோடு நிறுவனத்துக்கு இ-மெயில் அனுப்பியிருந்தார். தேதியோடு அது இருந்ததால், பேச்சு அத்தோடு முடிந்தது. தரையை உடைத்து, புதிதாக வாட்டர்புரூஃபிங் செய்து, கீழ் வீட்டு சீலிங்குக்குப் பெயின்ட்டும் அடித்துக் கொடுத்தார்கள். அக்காவுக்குப் பைசா செலவில்லை. மூன்று வாரம் ஒரே பாத்ரூமை வைத்துச் சமாளித்ததற்கு மட்டும் அவள் இன்னும் புலம்புகிறாள்.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 14(3)-ன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதாக பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், 30 நாள்களுக்குள் கட்டணம் வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். ‘கவனத்துக்குக் கொண்டுவந்தால்’ என்றுதான் சட்டம் சொல்கிறது. அவர்களுடைய சிஸ்டத்தில் ஏறினால்தான் செல்லும் என்று எங்கும் சொல்லவில்லை.

மொத்தமாக மூடுவது

புதிதாக ஏற்றுவது ஒரு பக்கம். ஏற்கெனவே இருக்கும் இஷ்யூக்களை மொத்தமாக மாற்றுவது இன்னொரு பக்கம். ஒப்பந்ததாரர் மாறிவிட்டார், 400 இஷ்யூக்களைப் புது ஆளின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றால், ஏபிஐ வழியாகச் செய்வதுதான் புத்திசாலித்தனம். கெடு தேதியைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான். ஆனால், அதே வசதியை வைத்து 400 இஷ்யூக்களையும் ஒரே மூச்சில் ‘மூடப்பட்டது’ என்றும் மாற்றிவிடலாம். மாத ரிப்போர்ட் பார்க்க நன்றாக இருக்கும்!

வேண்டுமென்றே செய்யாமலும் இது நடக்கும். இஷ்யூ எண் ஒரு பத்தியில், நிலை இன்னொரு பத்தியில் இருக்கும் எக்ஸெல்லில், யாரோ ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டால் போதும். உங்கள் பாத்ரூம் கசிவுக்கு, எதிர்வீட்டு ஜன்னல் தாழ்ப்பாளின் ‘முடிந்தது’ ஒட்டிக்கொள்ளும். புரோகிராம் அதைச் சந்தேகப்படாது. 200 என்று ‘வெற்றி’ பதில்தான் வரும்.

யார் எந்த நிலைக்கு மாற்றலாம் என்று கட்டுப்பாடு வைக்க மென்பொருளில் வழி இருக்கிறது. ஆட்டோடெஸ்க்கில் ஓர் இஷ்யூவின் விவரத்தைக் கேட்டால், கேட்கும் நபர் அதை எந்தெந்த நிலைக்கு மாற்ற அனுமதி உண்டு என்ற பட்டியலும் சேர்ந்தே வரும். யார், எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பும் இருக்கும். வேலை செய்த ஒப்பந்ததாரர் ‘முடிந்தது’ வரை போகலாம், மூடுவது வேறொருவர் என்று வைப்பதுதான் முறை. எல்லா சைட்டிலும் அப்படி வைக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

இந்தத் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு அண்ணன் மகன் சொல்லச் சொன்னது: முதலில் ஐந்தே வரிகளை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏறியதும் கிடைக்கும் இஷ்யூ எண்ணை எக்ஸெல்லின் அதே வரியில் எழுதிக்கொண்டே போக வேண்டும். மறுபடி ஓட்டும்போது எண் இருக்கும் வரியைத் தொடக் கூடாது. 429 வந்தால் நின்று போக வேண்டும். மாற்றுவதற்கு முன் பழைய நிலையைத் தனியாகச் சேமிக்க வேண்டும். “மூடுறதை மட்டும் நான் புரோகிராம்கிட்ட விடவே மாட்டேன் அத்தை. ஒவ்வொண்ணுக்கும் போட்டோ பார்த்துத்தான்” என்றான். பையன் தேறிவிட்டான்.

நீங்கள் செய்ய வேண்டியது

வீடு வாங்குகிற நாம் ஏபிஐ கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பட்டியல் எழுதும்போதே ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண் கொடுங்கள். ‘பி-704-41’ என்று பிளாக், ஃபிளாட், வரிசை எண் சேர்ந்து இருந்தால் இன்னும் நல்லது. சிஸ்டத்தில் ஏற்றும்போது இந்த எண்ணையும் தலைப்பிலேயே போடச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது உதவி. இரட்டைப் பதிவைக் கண்டுபிடிப்பது சுலபமாகிவிடும். அன்றே இ-மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். போன் மாற்றும்போது போய்விடும் அபாயம் இருக்கிறது, இரண்டும் இருக்கட்டும்.

ஒரு வாரம் கழித்து, “என் ஃபிளாட்டுக்கு சிஸ்டத்தில் எத்தனை இஷ்யூ இருக்கிறது, லிஸ்ட் எடுத்து அனுப்புங்கள்” என்று கேளுங்கள். இரண்டு பட்டன் அழுத்தினால் வந்துவிடும், அவர்களுக்குச் சிரமமில்லை. நீங்கள் கொடுத்தது 64, வந்தது 55 என்றால், அந்த ஒன்பது எவை என்று அப்போதே பேசிக்கொள்ளலாம். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் தண்ணீர், மின்சாரம், விரிசல் - இந்த மூன்று வகையையும் மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ‘மூடப்பட்டது’ என்று காட்டும் ஒவ்வொன்றுக்கும், சரிசெய்த பிறகு எடுத்த போட்டோவும் தேதியும் கேளுங்கள். ஐம்பது குறைகள் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் மூடப்பட்டிருந்தால், அந்த ஐம்பதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அத்தான் இப்போது குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர். மொட்டை மாடி, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கார் பார்க்கிங் என்று பொதுப் பகுதிகளுக்கான பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஐந்து ஆண்டு முடிய இன்னும் மூன்றரை ஆண்டு இருக்கிறதே, என்ன அவசரம் என்று சிலர் கேட்கிறார்களாம். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. நிறுவனத்திடம் கேட்டு, அவர்களுடைய வகைப் பட்டியலையே வாங்கி வைத்திருக்கிறார். ஒவ்வொரு குறைக்கும் நேராக அதிலிருக்கும் பெயரை எழுத்து மாறாமல் அப்படியே எழுதுகிறார். ‘வாட்டர்புரூஃபிங்’ உட்பட.